முதுகுக்கு ஒரு ரோலர்

வீட்டு எஜமானி அம்மாவுக்கு,

உன் அக்கா வீட்டில் சௌக்கியமாக இருப்பாய். நானும் சௌக்கியம்தான், முதுகைத் தவிர.

மொட்டைமாடியில் பெயிண்ட் அடிக்கும்போது, சாப்பாடு கொண்டுவந்த நீ ஏணியில் கட்டிய குடையை எல்லார் முன்னாலும் பிடுங்கி எறிந்தேன் அல்லவா? நீ கோபித்துக்கொண்டு பஸ் ஏறியதும், வீராப்பில் சட்டையையும் கழற்றிவிட்டுத்தான் அன்றைய மீதி வேலையை முடித்தேன். சாயங்காலம் முதுகு தீயாய் எரிந்தது. "என்னண்ணே, சுட்ட கத்தரிக்கா மாதிரி இருக்கீங்க?" என்றான் கூட வேலை செய்பவன்.

நீ சொல்வதுபோல் முதலில் பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியைப் போட்டேன். பிறகு, ஒன்றுக்கும் உதவாத செடி என்று நான் கேலி செய்த உன் கற்றாழையில் ஒரு மடலை வெட்டி, உள்ளே இருக்கும் சோற்றை மசித்தேன். பூசத்தான் கை எட்டவில்லை. பெயிண்டர் என்றால் சும்மாவா? நீளக் கம்பு மாட்டிய ரோலரால் முதுகு முழுக்க இரண்டு கோட்டிங் கொடுத்துவிட்டேன். புது ரோலர்தான், பயப்படாதே.

ஆகையால் எனக்காக அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். இன்று முழுக்கைச் சட்டைதான். குடையையும் நானே கட்டிக்கொண்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

ஒரே ஒரு குறை. ரோலர் நன்றாகத்தான் பூசுகிறது. "சொன்னா கேட்டாத்தானே!" என்று திட்டத்தான் அதற்குத் தெரியவில்லை. எரிச்சல் அடங்க மாட்டேன் என்கிறது.

சாய்ந்து உட்கார முடியாமல்,
உன் சுட்ட கத்தரிக்காய்