எந்தக் கண் என்று கேட்டேன்

தோட்டத்து மோட்டாருக்குப் பெட்ரோல் ஊற்றும்போது இன்று கொஞ்சம் கையில் சிந்திவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் வாசம் போகவில்லை. மதியம் சோற்றில் கை வைத்ததும் குப்பென்று அடித்தது. பாதியில் எழுந்துவிட்டேன். "என்னத்துக்கு எந்திரிச்சிய? மீனு சரியில்லியா?" என்று கேட்டாள் என் மனைவி. மீன் நன்றாகத்தான் இருந்தது. உன் நினைப்பு வந்துவிட்டது, அவ்வளவுதான். செத்த பிறகும் நீ என்னை நிம்மதியாகச் சாப்பிட விடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நம் இருவர் கையிலும் இந்த வாசம்தான் இருக்கும். நாகர்கோவிலில் கேன்களில் பெட்ரோல் பிடித்து, என் காரில் ஏற்றி, தோவாளை தாண்டி, ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி, காற்றாலைகளுக்கு அப்பால் இருந்த அந்தத் தனியார் ஓடுதளத்துக்குப் போவோம். இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் நம் சின்ன விமானம் அங்கே தகரக் கொட்டகைக்குள் நிற்கும். வளைகுடாவில் வெள்ளிக்கிழமை தோறும் பாலைவனத்து கிளப் ஒன்றில் பறக்கக் கற்றுக்கொண்ட இரண்டு பேர், ஊருக்குத் திரும்பிய பிறகு கூட்டாக வாங்கியது. வாங்கியபோது ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். "இதுக்கு ஹெல்மெட் போடணுமா?" என்று ஒருவர் கேட்டார். உன் மனைவி கிரேஸுக்கு வேறு வருத்தம். "கர்த்தருக்கு ஒரு மணிக்கூர் குடுக்க முடியல்ல, அந்தத் தகரத்துக்கு ஒரு நாள் முழுக்க." நீ அசரவில்லை. "நீங்க கீழ இருந்து மேல பாத்து ஜெபம் பண்ணுதிய. நான் மேல போயே பண்ணுகேன்" என்றாய். அவளே சிரித்துவிட்டாள். பேசியே ஆளைக் கவிழ்க்க உன்னைப் போல ஒருவன் பிறந்து வரவேண்டும்.

கிளப்பில் நமக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, விமானம் யார் கையில் இருக்கிறது என்பதில் ஒரு நொடிகூடச் சந்தேகம் வரக்கூடாது என்பது. கொடுப்பவன் வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும், வாங்குபவன் வாயால் சொல்லி வாங்க வேண்டும். இங்கிலீஷில் கற்ற அதை நீதான் தமிழாக்கினாய். "உன் கையில மக்கா" என்பாய். "என் கையில" என்று நான் சொல்லும்வரை விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கை விடமாட்டாய். மறந்துபோய் நான் தலையை மட்டும் ஆட்டினால் திட்டுவாய். "வாயைத் தொறந்து சொல்லுலே. ரெண்டு பேரும் மத்தவன் பாத்துக்கிடுவாண்ணு இருந்தா, ரெண்டு பேரும் சாவோம்." அவ்வளவு கறாரான ஆள் நீ. அதனால்தான் எனக்கு ஆறவில்லை.

நீ விழுந்த அந்த ஞாயிறு நான் உன்னோடு இல்லை. தக்கலையில் என் மச்சான் கட்டிய புது வீட்டுக்குப் பால்காய்ப்பு. முந்தின நாளே போனில் சொல்லியிருந்தேன். "நீ வராட்டா நானும் போகல்ல மக்கா, அடுத்த வாரம் பாப்போம்" என்றாய். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது ஓடுதளத்திலிருந்து போன் வந்தது. புது வேட்டியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வராந்தாவில் நின்ற கிரேஸ் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது அவளுக்கு. "நீங்க கூடப் போகல்லியா?" என்று கேட்டாள். நான் தோவாளையில் காத்து நிற்பதாக அவளிடம் சொல்லிவிட்டுத்தான் நீ வாடகைக் காரில் ஏறியிருக்கிறாய். அது அப்போது எனக்குத் தெரியாது. ஏன் இப்படிக் கேட்கிறாள் என்று புரியாமல், "இல்ல கிரேஸு, வீட்டு விசேஷம்" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இறங்கும்போது பனை உயரத்தில் வைத்தே தரை வந்துவிட்டது போல இன்ஜினைக் குறைத்து மூக்கைத் தூக்கினாயாம். விமானம் அங்கேயே தொங்கி, பொத்தென்று விழுந்ததாம். பார்த்தவர்கள் சொன்னார்கள். முழங்கால் உயரத்தில் செய்ய வேண்டிய காரியம் அது. புதிதாகக் கற்பவன் செய்கிற தப்பு. நீ எப்படிச் செய்தாய் என்று எனக்கு மண்டை வெடித்தது. கடைசியில் காற்றைத்தான் குற்றம் சொன்னேன். ஆரல்வாய்மொழிக் காற்றின் மேல் எந்தப் பழியையும் போடலாம், அது மறுத்துப் பேசாது.

உனக்கான நினைவு ஜெபம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, கிரேஸ் என்னை உள் அறைக்குக் கூப்பிட்டாள். உட்காரச் சொல்லவில்லை. "ஒரு கண்ணு தெரியாத மனுசனைத் தனியா விட உங்களுக்கு எப்படி அண்ணே மனசு வந்து?" என்றாள்.

நான் கேட்ட கேள்வி இன்றைக்கும் என் காதில் நிற்கிறது. "எந்தக் கண்ணு?" என்று கேட்டேன்.

"எந்தக் கண்ணுண்ணா கேக்கிய?" என்றாள். அவள் பார்வையில் அருவருப்பு இருந்தது. நான் நடிக்கிறேன் என்று நினைத்தாள்.

சர்க்கரை உன் இடது கண்ணைத் தின்றுவிட்டது, வலது கண்ணும் மங்கத் தொடங்கிவிட்டது. வீட்டில் அவளுக்குத் தெரியும். இனி பறக்கவே கூடாது என்று அவள் சண்டை போட்டபோது நீ சொன்ன பதில்: "அவனுக்கு எல்லாம் தெரியும். அவன்தான் ஓட்டுகான். நான் சும்மா பக்கத்துல இருக்கேன்." அவளும் நம்பி, என்னை நம்பி, ஞாயிறுதோறும் உன்னை அனுப்பியிருக்கிறாள். ஒவ்வொரு வாரமும் வாசலில் நின்று "பாத்துக்கிடுங்கோ அண்ணே" என்பாளே, அது வெறும் வழியனுப்பும் பேச்சு என்று நினைத்து நான் கையை ஆட்டிவிட்டுப் போயிருக்கிறேன். பாவி, அவள் உன் உயிரை அல்லவா என்னிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்து, பழையதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். கார் ஓட்டுவதை நீ விட்டாய். முட்டு வலி என்றாய். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்ப்பது உன் வேலை. அதை என்னிடம் தள்ளினாய். "நீ பாரு மக்கா, எனக்கு வெயிலு ஆகாது." பிறகு ஓட்டுபவன் உட்காரும் உன் இடதுபக்க இருக்கையையே எனக்குக் கொடுத்தாய். பறக்க உடம்பு தகுதி என்று டாக்டர் கொடுக்கும் மெடிக்கலைப் புதுப்பிக்க நீ திருவனந்தபுரம் போய் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? "பாஸ் ஆயிட்டு" என்று ரயிலடியிலேயே என்னைக் கட்டிப்பிடித்தாய். பொரோட்டாவும் பீஃபும் வாங்கிக்கொடுத்தாய். அவர்கள் உன்னைத் திருப்பி அனுப்பிய நாள் அது என்று இப்போதுதான் கிரேஸ் சொல்லித் தெரிகிறது. என் காதில் பூ சுற்றிவிட்டு, அதற்கு விருந்தும் வைத்திருக்கிறாய்.

எல்லாவற்றையும்விட எனக்கு வலிப்பது அந்த இறக்கங்கள்தான். ஒரு பைலட்டுக்கு இறக்கம் என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். ஏற்றத்தை யாரும் பேசமாட்டார்கள். சக்கரம் தரையைத் தொட்டது தெரியாமல் தொட்டால், அதைச் சொல்லியே ஒரு வாரம் ஓட்டுவோம். ஓடுதளம் கண்ணில் பட்டதும் நீ கையை எடுத்துவிடுவாய். "உன் கையில மக்கா. எனக்கு உன்னளவுக்கு வராது." நான் பூரித்துப் போனேன். அதுவரை உன்னைவிட நன்றாக எதையும் செய்தவன் இல்லை நான். இறங்கி நின்றதும் "பூ மாதிரி வச்ச" என்பாய். நான் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்வேன். அவளுக்கு அது புரியாவிட்டாலும் சொல்வேன். உனக்கோ தரை எங்கே என்று தெரியவில்லை. நான் பூ மாதிரி வைத்தேனா, கல் மாதிரி போட்டேனா, நீ எதைப் பார்த்தாய்? என்னை மெச்சி வேலை வாங்கினாயே, அதற்குப் பதில் கண் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதாதா? நான் உன்னை விட்டுவிட்டா போயிருப்பேன்? இதே மாதிரி வாராவாரம் உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பறந்திருப்பேனே. கொட்டகை ஆட்களிடமும் சொல்லியிருப்பேன், தனியாக வந்தால் சாவியைக் கொடுக்காதீர்கள் என்று. அதற்குத்தான் நீ பயந்தாய், இல்லையா?

இதைக்கூட நான் காலப்போக்கில் செரித்திருப்பேன். என் மகள் அனுவை நீ ஏற்றிக்கொண்டு போனதைச் செரிக்க முடியவில்லை.

அவள் கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு அது. "புதுப்பொண்ணுக்கு என் சார்பா முட்டம் லைட் ஹவுஸை மேல இருந்து காட்டிட்டு வாறேன்" என்றாய். இரண்டே இருக்கை. நான் கீழே நின்றேன். கையில் மருதாணியோடு அவள் எனக்கு டாட்டா காட்டினாள். திரும்பி வந்தபோது விமானம் தரையில் குதித்துக் குதித்து நின்றது. அவள் சிரித்துக்கொண்டே இறங்கி, "அப்பா, மாமா தவளை மாதிரில்லா இறக்கினாவ" என்றாள். நீயும் சிரித்தாய். "காத்து மக்கா, பாத்தியா அந்தக் காத்தை?" என்றாய் என்னிடம். உன் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வெயில் என்று நினைத்து நான் உனக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

அனு கல்யாணத்துக்கு முன்னாலேயே அந்தக் கண் முழுதாகப் போய்விட்டது என்றாள் கிரேஸ். அப்படியென்றால் தெரிந்தே ஏற்றியிருக்கிறாய். என் ஒரே பிள்ளையை. உனக்குப் பிள்ளைகள் இல்லை, அவளைத் தோளில் போட்டு வளர்த்தவன் நீ. அவளைத் தோளில் வைத்துக்கொண்டு நீ நிற்கும் படத்தை இன்றும் அவள் பெங்களூர் வீட்டில் மாட்டி வைத்திருக்கிறாள். தன் பிள்ளைக்கு உன்னைக் காட்டி "பறக்கிற தாத்தா" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள். வீடியோ காலில் அந்தக் குழந்தை உன் படத்துக்கு முத்தம் கொடுக்கிறது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறேன். அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லாமல் இருப்பதால் நானும் உன் பொய்யில் ஒரு பங்காளி ஆகிவிட்டேன்.

நீ போன பிறகு நான் எந்த விமானத்திலும் ஏறவில்லை. ஓடுதளத்து நண்பர்கள் தங்கள் விமானத்தில் வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். நன்றாக இறக்குகிறாய் என்று யாராவது சொன்னால், அவர் கண்ணைப் பார்ப்பேனே ஒழிய அந்தச் சொல்லை நம்பமாட்டேன். இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு புத்தியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

பொறுக்க முடியாமல் போன மாதம் உன் வீட்டுக்குப் போனேன். உன் பெயரைக் கெடுக்க வேண்டும் என்றில்லை. ஊரில் என்னைப் பற்றி ஒரு பேச்சு நடக்கிறது. கூட்டாளி கண் தெரியாதவன் என்று அறிந்தும் விட்டுவிட்டுப் பால்காய்ப்புச் சோறு தின்னப் போனவன் என்று. பேச்சு போகட்டும், கிரேஸ் அப்படி நினைக்கக் கூடாது என்று இருந்தது. முப்பது வருடமாக என்னை அண்ணே என்று கூப்பிட்டவள். கதவைப் பாதி திறந்தபடி நின்றாள்.

"கிரேஸு, எனக்குச் சத்தியமா ஒண்ணும் தெரியாது. அவன் எனக்கிட்ட சொல்லவே இல்ல. எனக்குத் தெரியும்ணு உனக்கிட்ட அவன் சொன்னது பொய்யி."

அவள் கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. பொறுமையாக, ஒரு சின்னப் பையனிடம் சொல்வது போலச் சொன்னாள்.

"செத்தவரு வந்து பதில் சொல்ல மாட்டாருல்லா, இனி நீங்க இப்பிடித்தான் சொல்லுவிய. ஆனா அவிய பொய் சொல்லுத ஆளு இல்ல அண்ணே."

கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த ஜெபக் கூட்டத்து நாள்வரை யார் கேட்டிருந்தாலும், உன்னைப் பற்றி நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.