ரமாவின் மதிய மாத்திரை

ஜூலை 6, 1992. திங்கள்

இன்று உறுதியானது: ரமா மதிய மாத்திரையைப் பாதியாக வெட்டித்தான் சாப்பிடுகிறாள். முதலில் சந்தேகத்தைக் கிளப்பியவர் மருந்துக்கடை தாமோதரன். "போன மாசம் வாங்கினதே இன்னும் ஓடுதா சார்?" என்று கேட்டார். அவர் கணக்கில் அது போன வாரமே தீர்ந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தேன். அட்டைகளுக்கு அடியில், காகிதத்தில் சுற்றிய அரை பிளேடு.

கேட்டேன். "மத்தியானம் நான் எங்க போகப் போறேன்? வீட்லதானே உக்காந்திருக்கேன்" என்றாள்.

ஜூலை 7

உட்கார்ந்துதான் இருக்கிறாள். அதுதான் பயம். பக்கத்து வீட்டு அம்மணி இன்று சொன்னார்: போன வாரம் ஒரு மதியம் எங்கள் குக்கர் விடாமல் விசில் அடித்திருக்கிறது. அவர் ஓடி வந்து பார்த்தால், ரமா நாற்காலியின் கைப்பிடிகளை ஊன்றிக்கொண்டு, எழுந்திருக்க முடியாமல் இருந்தாளாம். என்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வேறு வாங்கியிருக்கிறாள்.

பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் வந்து மூன்று வருடமாகிறது. அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. தாம்பரத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை என்று எனக்குத் தெரியும். என் வீட்டில் மதியம் என் மனைவிக்கு என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. இருபத்தாறு வருட நிருபர்!

ஜூலை 9

டாக்டர் அமலராணி திட்டினார். அவளை அல்ல, என்னை. இந்த மாத்திரையைக் குறைக்கவும் கூடாது, நேரம் தவறவும் கூடாது என்றார். சரி. விலை இந்த வருடத்தில் இரண்டாம் முறையாக ஏறியிருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? ஆபீசில் விசாரித்தேன். ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தருவார்களாம். வீட்டில் சாப்பிடும் மருந்துக்குக் கிடையாது.

ஜூலை 10

தாமோதரனிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். கடையில் ஆள் குறையும்வரை காத்திருந்து ஒரு விலாசம் எழுதிக் கொடுத்தார். கீழ்க்கட்டளையில் சுப்பராயலு என்று ஒருவர். மருந்துக் கம்பெனியில் விற்பனை ரெப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, நரம்பு நோய்க்காரர்களுக்கு மொத்த விலையில் மருந்து வாங்கித் தருகிறார். அந்த விலையிலும் பாதியை அவர்களே கைக்காசாகப் போடுகிறார்கள். முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்க பேப்பர்ல போட்டுடுவீங்கன்னு பயந்தேன் சார்" என்றார்.

ஜூலை 11

தாமோதரன் விலாசத்தோடு தந்த விண்ணப்பத்தை நிரப்ப ஒரு மாலை பிடித்தது. ரமா கையெழுத்துப் போட்டாள். எறும்பு ஊர்ந்ததுபோல் தொடங்கி, இன்னும் சிறுத்து, கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. பார்த்துவிட்டுப் பேனாவை என் பக்கம் தள்ளினாள்.

ஜூலை 12. ஞாயிறு

பல்லாவரத்தில் இறங்கி, பஸ் மாறி, பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். முன்கூடத்தில் பிஸ்கட் டின்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர். சுப்பராயலு அதிகம் பேசுபவர் அல்ல. விண்ணப்பம் படிப்பது அவர் மனைவி ஞானாம்பாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"இன்னா சார் எழுதிக்கீறீங்க? நோயா, வதந்தியா?"

எனக்குப் புரியவில்லை. தாளைத் திருப்பிக் காட்டினார். நோயாளியின் நிலை: 'பார்க்கின்சன் நோய் இருப்பதாக மருத்துவர் அமலராணி தெரிவிக்கிறார். மதியத்தில் எழ முடியவில்லை என்று அண்டை வீட்டார் கூறுகின்றனர்.' குடும்ப நிலை: 'மருந்துச் செலவு வருமானத்துக்கு மீறியது எனத் தெரிகிறது.' எல்லாம் என் கையெழுத்துதான். எழுதும்போது எதுவும் உறுத்தவில்லை.

"டாக்டரு சொல்றாங்க, பக்கத்து வூட்ல சொல்றாங்க. நீங்க இன்னா சொல்றீங்க?"

புதுத் தாள் ஒன்றைத் தந்து, காபி கொண்டுவர உள்ளே போனார். அந்த நேரத்தில் எழுதினேன்: 'என் மனைவிக்கு பார்க்கின்சன். மதியத்தில் அவளால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. முழு மருந்து வாங்க என்னால் முடியவில்லை.' மூன்று வரிதான். மூன்று வருடமாக அவள் நோயைப் பற்றி என் வாயால் இப்படி யாரிடமும் சொன்னதில்லை, அவளிடம்கூட. டாக்டர் சொல்வதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஞானாம்பாள் படித்தார். "இது போதும்" என்றார். பழைய தாளில் ரமா போட்ட கையெழுத்தைப் பார்த்து, "ரொம்பச் சின்னதாப் பூட்ச்சே" என்று மட்டும் சொன்னார். சுப்பராயலு ஒரு டின்னை எடுத்துத் துடைத்து, அதன் மேல் ரமா என்று எழுதி ஒட்டினார்.

மூன்று மாதத்துக்கு உண்டு என்றார்கள். முதல் மாத மாத்திரை பையில் இருக்கிறது. பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 13

ரமாவிடம் அந்த மூன்று வரியையும் சொன்னேன். "உங்களுக்குத் தெரியாம இருக்கட்டும்னு நினைச்சேன்" என்றாள். மதியம் முழு மாத்திரை.

ஜூலை 26

நன்றிக்கு என்ன செய்வது? இவர்களைப் பற்றி ஒரு செய்தி எழுதட்டுமா என்று இன்று போய்க் கேட்டேன். ஞானாம்பாள் பதறிவிட்டார். கூட்டம் வந்தால் கொடுக்க மாத்திரை இல்லையாம். "வேணும்னா ஞாயித்துக்கெழம வந்து, எழுதத் தெரியாதவங்களுக்கு ஃபாரம் எழுதிக் குடுங்க. ஆனா அந்தக் 'கூறப்படுகிறது' மட்டும் வேணாம் சார்." சுப்பராயலு சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 2. ஞாயிறு

ஐந்து ஃபாரம் எழுதினேன். கோவளத்தில் மீன் விற்கும் முத்தாலம்மாள், மகளின் வலிப்பு மாத்திரைக்காக வந்திருந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். திருத்தவில்லை.

ஆகஸ்ட் 9

இரண்டாம் மாத மாத்திரை. ரசீதில் நோயாளி கையெழுத்து வேண்டுமாம். வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஆகஸ்ட் 11

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கதவைத் திறந்தது ரமா. பிறகு ரசீதில் கையெழுத்துப் போட்டாள். மெதுவாகத்தான். கடைசி எழுத்து இன்னும் கொஞ்சம் சறுக்குகிறது. ஆனால் 'ரமா' என்று படிக்க முடிகிறது. ஆதாரம்: நானே பார்த்தேன்.

டப்பாவில் பிளேடு இல்லை.

மூன்று மாதத்துக்குப் பிறகும் மருந்து தொடருமா என்பது இன்னும் முடிவாகவில்லை. அக்டோபர் 4, ஞாயிறு காலை சுப்பராயலுவும் நண்பர்களும் கூடிப் பேசுகிறார்கள். அன்று மதியத்துக்குள் தெரியும். "அன்னிக்கு நானும் வரேன், பஸ்லயே" என்கிறாள் ரமா.