நோய்ப் பாத்தியில் ஏழாவது வரிசை

பல்லேபொல,
10.03.1985

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் கிருஷ்ணம்மா சின்னம்மாவும் சுகமாக இருக்கிறோம். கிளிநொச்சி வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும். முதலில் அதை நிறுத்துங்கள். அன்று கலவரத்தில் அடிபட்ட காது இப்போது கேட்கிறதா? போன கடிதத்திலும் கேட்டேன், நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

வாடகை வீட்டை ஒப்படைத்துவிட்டு, ஏழாவது வரிசைச் சூரியகாந்தி விதையை எடுத்து, சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு தம்புள்ளையில் பஸ் ஏறச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த மண்ணில் இனி நமக்கு ஒன்றும் நிலைக்காது என்றும் எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் கோபம்தான் வந்தது. அழுகை பிறகுதான் வந்தது.

கல்யாணமான புதிதில் வீட்டுக்குப் பின்னால் நல்ல மண்ணில் பாத்தி கட்டி, வாடல் நோயில் செத்த செடிகளை நறுக்கி அதில் புதைத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? விவசாயம் படித்த மனுஷனுக்கு என்ன பிடித்துவிட்டது என்று பயந்தேன். நோய் உள்ள மண்ணில் நட்டால்தான் எந்த இனம் தாங்கும் என்று தெரியும், வாடுவதைத் தொடாமல் விட வேண்டும் என்று விளங்கப்படுத்தினீர்கள். சின்னம்மாவுக்குச் சொல்ல இருவரும் மறந்துவிட்டோம். நாம் உக்குவளையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்புவதற்குள், தலை தொங்கிய செடிகளையெல்லாம் வேரோடு பிடுங்கி எரித்துவிட்டார். தோட்டத்தில வேர் நோவு கண்ட தேயிலைய இப்படித்தான் செய்வாங்க, பக்கத்துச் செடிக்குப் பரவாம காப்பாத்திட்டேன் மாப்பிள்ளை என்று சாம்பலுக்குப் பக்கத்தில் பெருமையாக நின்றார். ஒரு போகத்து வேலையும் போயிற்று. நீங்கள் வரப்பில் உட்கார்ந்து தலையில் கை வைத்தீர்கள். பிறகு சிரித்தீர்கள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு! அவர் சுட்ட தேங்காய் ரொட்டியைக் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலோடு சாப்பிட்டுக்கொண்டே, முதலிலிருந்து நடுவோம் செண்பகம் என்றீர்கள். 

இந்தப் பெரும்போகத்தில் நானே நட்டேன். கடையில் வாங்கிய விதை ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து ஆசை காட்டியது. பூக்கும் நேரத்தில் அடியிலையிலிருந்து மஞ்சளாகி, நின்ற இடத்திலேயே காய்ந்தது. பூத்த இரண்டொன்றிலும் பதர்தான். வாடாமல் நின்றது என்று நீங்கள் பொறுக்கி வைத்த ஏழாவது வரிசை விதை என் தோள் வரைதான் வந்தது. பூவும் பிந்தியது, பூத்தட்டும் சின்னது. ஆனால் தேய்த்தபோது விதை நிறைந்து கொட்டியது. நீங்கள் செய்வதுபோல் ஒரு தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். உள்ளே பழுப்பு வளையம் இருக்கிறது. நோய் அதற்குள்ளும் ஏறித்தான் இருக்கிறது, அத்தான். ஆனாலும் விளைந்துவிட்டது.

இப்போது பாத்திக்குக் காவல் சின்னம்மாதான். செத்த செடியை ஆடு கடிக்க வந்தால்கூட, மாப்பிள்ளை வந்து பாக்கணும் என்று கம்போடு துரத்துகிறார்.

பயமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். இருட்டினால் கதவுக்குக் கட்டை போட்டுவிடுகிறோம். வீட்டுக்காரர் கிரிபண்டா, மாத்தயா எப்போ வாறார் என்று வேலியோரம் வந்து உங்களை விசாரிக்கிறார். அவர் மகன் மட்டும் கலவரத்துக்குப் பிறகு இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பிள்ளைகள், டீச்சரும் போயிடுவீங்களா என்கிறார்கள். 

இப்போதைக்கு விதையை அங்கே கொண்டுவரமாட்டேன். ஒரு மண்ணின் பங்கசுப் பூஞ்சை நோயைத் தாங்கிய இனம் வேறு மண்ணிலும் தாங்கும் என்று நம்ப முடியாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? சாம்பல் கலந்து போத்தலில் அடைத்து, சாமித் தட்டில் வைத்திருக்கிறேன். விளக்கேற்றும்போதெல்லாம் உங்கள் நினைப்புத்தான்.

மாரியம்மன் உங்களைக் காப்பாற்றட்டும். சித்திரை மழைக்கு முன் ஒரு தடவை வாருங்கள். ஏழாவது வரிசையின் காய்ந்த தண்டை வெட்டாமல் விட்டிருக்கிறேன். அதைத் தொட்டுப் பாருங்கள். அதன் பிறகும் இங்கிருந்து நம்மைப் பிடுங்கத்தான் வேண்டும் என்று சொன்னால், ஒரு வார்த்தை பேசாமல் உங்களோடு பஸ் ஏறுகிறேன். பார்க்காமல் மட்டும் சொல்லாதீர்கள்.

உங்கள் வரவுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
செண்பகம்