எழுப்பாமல் விட்ட புதன்கிழமை

பிப்ரவரி 12, திங்கள்

காலையில் வாசலில் பனி வாரிய தோள் இன்னும் வலிக்கிறது. பத்து மணிக்குக் காரா நீமி தன் தம்பி ட்ராயை, நான் நர்ஸாக இருக்கும் அவசரப் பிரிவுக்கு அழைத்துவந்தாள். இழுத்துவந்தாள் என்பதே சரி. மூன்று வாரமாக அவன் மனநோய் மாத்திரையைத் தொடவில்லை. சுவருக்குள் ஆட்கள் இருப்பதாக நம்பி அவர்களோடு ஓயாத சண்டை. ஊசி போட்டு அமைதிப்படுத்தினோம். ரத்தம், சிறுநீர் எல்லாம் சரி. உடம்புக்கு ஒன்றுமில்லை என்ற படிவத்தில் டாக்டர் ஆஸ்மண்ட் கையெழுத்திட்டார். அது இல்லாமல் எந்த மனநல மருத்துவமனையும் ஆளை எடுக்காது. இனி எங்காவது இடம் காலியாகும்வரை எங்கள் நடைவழியில்தான் படுக்கை.

பிப்ரவரி 13

ஏழு இடங்களுக்குப் போன் செய்தேன். இல்லை, இல்லை, இல்லை. மாலையில் மறுபடி கத்தினான். இன்னொரு ஊசி.

பிப்ரவரி 14

ட்ராய் நாள் முழுக்கத் தூக்கம். அப்பாடா என்றிருந்தது. மாரடைப்பு மூன்று, வழுக்கி விழுந்தவர்கள் எத்தனை பேரோ. அவன் தாளில் 'தூங்குகிறார், எழுப்பவில்லை' என்று எழுதினேன். இரண்டு தடவை.

பிப்ரவரி 15

இடம் கிடைத்துவிட்டது. தெற்கே நாலு மணி நேரப் பயணம். காரா என்னைக் கட்டிப்பிடித்தாள். ஒரு மணிக்கு வண்டி வந்தது.

ட்ராய்க்கு மேல்கோட்டு மாட்டப் போனேன். கை மடங்கவில்லை. "அடம் பிடிக்காதப்பா" என்றுகூடச் சொன்னேன். முழங்கையைப் பிடித்த பிறகுதான் புரிந்தது: விறகுக்கட்டை. சட்டையெல்லாம் வியர்வை. காய்ச்சல் நூற்று மூன்றரை.

"ஃப்ளூவா இருக்கும் மார்லிஸ்," என்றார் டாக்டர் போனில். "அங்க போனா பாத்துப்பாங்க. டெஸ்ட் எல்லாம் நார்மல்னு நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அது திங்கக்கிழமை எடுத்த ரத்தம் டாக்டர். இன்னிக்கு வியாழன்."

"பெட் போயிடும்."

"போகட்டும். நீங்க வந்து அவன் கையை ஒரு தடவை மடக்கிப் பாருங்க. அப்புறமும் அனுப்பச் சொன்னா நானே வண்டில ஏத்திவிடுறேன்."

டிரைவரின் காகிதங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவரைக் காபி குடிக்க அனுப்பினேன். காரா அழுதாள். "நாலு மாசமா இந்த பெட்டுக்கு நாயா அலைஞ்சிருக்கேன். உங்க தம்பியா இருந்தா இப்படிக் கெடுப்பீங்களா?"

என் தம்பியாக இருந்தால் நேற்றே எழுப்பியிருப்பேன். அவன் நனைந்த சட்டையைக் கழற்றினேன்.

டாக்டர் வந்தார். கையை மடக்கிப் பார்த்தார். தானே ரத்தம் எடுத்தார். தசைச் சிதைவைக் காட்டும், இருநூறை ஒட்டி இருக்க வேண்டிய எண் பதினெட்டாயிரம். நாங்கள் போட்ட ஊசி ஒத்துக்கொள்ளாமல் அவன் தசை கரைந்து சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. தீவிர சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினோம்.

மூன்று மணிக்கு அந்த இடம் வேறொருவருக்குப் போனது.

பிப்ரவரி 16

புதனன்றே காய்ச்சல் இருந்திருக்கும்ல? பக்கத்துலதானே நின்னேன். ஒரு தெர்மாமீட்டர், ஒரு நிமிஷம். தூங்குறான்னு சந்தோஷமா விட்டுட்டேனே.

பிப்ரவரி 20

ட்ராய்க்கு டயாலிசிஸ். பிழைப்பான் என்று யாரும் சொல்வதில்லை.

இன்றைய கூட்டத்தில் எழுந்து சொன்னேன்: படிவத்தில் கையெழுத்து ஆனவர்களுக்கும் நாலு மணிக்கொரு முறை காய்ச்சலும் நாடியும் பார்க்க வேண்டும், தூங்கினாலும் எழுப்ப வேண்டும். "நல்ல யோசனைதான், ஆளுக்கு எங்க போறது?" என்றார் மேலாளர். சரி, என் ஷிப்டில் நான் பார்க்கிறேன். யாரையும் கேட்கப் போவதில்லை.

பிப்ரவரி 21

ஐந்து பேரை எழுப்பினேன். நாலு பேர் திட்டினார்கள்.

மார்ச் 1

டயாலிசிஸை நிறுத்திவிட்டார்கள். ட்ராய் எழுந்து உட்கார்ந்து சூப் குடித்தானாம். காரா என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மறுபடியும் இடம் தேடிப் போன் செய்ய ஆரம்பித்திருக்கிறேன்.

மார்ச் 11

வெள்ளிக்கிழமை வேறு இடம் கிடைத்து ட்ராய் நடந்தே வண்டியில் ஏறினான். இன்று காரா புகார்ப் படிவத்தோடு வந்தாள்.

"புதன்கிழமை தாள்ல 'எழுப்பவில்லை'ன்னு ரெண்டு தடவை இருக்கு. கீழ கையெழுத்து புரியல. யாரு அது?"

"நான்தான்."

படிவத்தை மேசையில் வைத்தாள். "வண்டிய நிறுத்தினதும் நீங்கதானே?"

"ஆமா."

"ரெண்டையும் எழுதுவேன்."

"எழுதுங்க. நாலு மணிக்கொரு தடவை ஏன் பாக்கலன்னும் சேர்த்துக் கேளுங்க. நான் வாயால கேட்டேன், நடக்கல. எழுத்துல வந்தா அவங்க பதில் சொல்லித்தான் ஆகணும்."

பேனாவைத் திறந்தாள். என் முழுப்பெயரை மெதுவாகச் சொன்னேன், அவள் எழுதிக்கொண்டாள்.