கருவாட்டுச் சாக்கில் பச்சைக் கிண்ணம்

ஜூலை 8, செவ்வாய்
சோளகக் காற்று ஊதுகிறது. யாரும் கடலுக்குப் போகவில்லை. வெட்கமான விசயம், இங்கேதான் எழுதலாம்: என் மேல் வரிசை கட்டுப்பல். இந்தக் குறிஞ்சிப்பிட்டி ஊரில் என் மனுசனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. படுக்கும்போது பச்சைக் கிண்ணத்தில் ஊறப்போடுவேன். போன வருசம் அவருடைய வலையில் ஏறிய கண்ணாடி. சுற்றிவர வரி வரியாக, கழுவக் கழுவ வடிவு. முதலில் உப்பு வைத்தேன், பிறகு சம்பல், இப்போது பல்.

ஜூலை 10, வியாழன்
கோயில் சுவரில் தொல்லியல் கந்தோர் ஒட்டிய அறிவித்தல், அதில் ஒரு படம். என் கிண்ணம், அச்சொட்டாக! ரோமர் காலத்துக் கண்ணாடியாம். வைத்திருப்பவர்கள் ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் சட்டம். பக்கத்து வீட்டு ரீட்டா வேறு: "ஒருத்தனை உள்ளுக்குப் போட்டிட்டாங்களாம், அக்கா."
மனுசனிடம் பகிடி விட்டுப் பார்த்தேன். "பாப்பரசர் ஊர்க் கோப்பையாம். இனிப் பல்லுக்கும் பாவசங்கீர்த்தனம் வேணும்."
"சும்மா இரடி. பிடிச்சா என்னையெல்லோ பிடிப்பாங்க. வலை என்ட."
சிரிப்பு நின்றது. சண்டைக் காலத்தில் ஒருமுறை இவரைக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்த ஆள் ஒரு மாதம் கதைக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி
ஜீப் என்று நினைத்துக் கதவைச் சாத்தினேன். ஐஸ் லொறி. சோறு இறங்கவில்லை.
கிண்ணத்தைப் பழந்துணியில் சுற்றி, பின்பக்கம் கிடந்த கட்டா மீன் கருவாட்டுச் சாக்கு ஒன்றின் நடுவில் வைத்துக் கட்டினேன். அந்த மணத்துக்கு எந்தப் பொலிசும் கை வைக்க மாட்டான். மனுசனுக்குச் சொல்லவில்லை. அடித்துக் கேட்டாலும் தெரியாது என்று உண்மையாகவே சொல்லட்டும்.

ஜூலை 12, சனி
வந்தேவிட்டார்கள். ஒரே ஒரு தொல்லியல் அதிகாரி, வீடு வீடாக விசாரிக்கிறாராம்; சிங்களத் தம்பி, நல்ல தமிழ். கதிரை போட்டேன்.
"பயப்பட வேணாம் அம்மா. தாற ஆக்களுக்கு வழக்கு இல்ல."
அந்தக் கிண்ணத்தை ரோம ஆட்களும் சாப்பாட்டுக்குத்தான் வைத்திருந்தார்களாம். பழம், பிறகு மீனை உப்பில் ஊறவைத்து எடுத்த சாறு. கண்ணாடியில் மணம் பிடிக்காதாம்.
"அப்ப எங்கட சனம்தான், தம்பி." சொல்லும்போதே அழுகை வந்தது. "இருக்கு. எடுத்து வாறன்."
பின்பக்கம் போனேன். சாக்கு ஒன்றையும் காணவில்லை.
"சிலாபம் லொறி விடிய வந்தது. எல்லாத்தையும் வித்து ஏத்திட்டன்," என்றார் மனுசன். முகத்தில் நல்ல சந்தோசம்.
முற்றத்துக்கு வந்து, சாமான் சிலாபம் சந்தைக்குப் போய்விட்டது, கருவாட்டுக்குள் இருக்கிறது என்றேன். தம்பி பேனையை எடுத்து, என்ன கருவாடு என்று கேட்டார்.
கட்டா என்றேன். எழுதிக்கொண்டார்.