அடுத்தது உனக்கு

மார்ச் 3

அன்புள்ள பொடிசுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் நலம் அறிய ஆவல் என்பது மட்டும் நிஜம். குளிர் தொடங்கும்போது ஒரு கடிதம் போட்டாய், அதோடு சரி. ஊராருக்கெல்லாம் பல் செட்டு செய்கிறவளுக்குத் தன் வாயைத் திறக்க நேரமில்லையா?

போன் செய்யலாமே என்பாய். போனை எடுத்தால் பெரியவள் ஓடி வந்து மடியில் உட்கார்ந்துகொள்கிறாள். அவள் காதில் விழக் கூடாத சேதி இது. அதனால்தான் காகிதம்.

மாதத்தில் பாதி நாள் எனக்கு உதிரப்போக்குதான். கிரேன் கேபினில் ஏறிவிட்டால் சாப்பாட்டு மணிவரை இறங்க முடியாது. ஏணியில் இறங்கி, மறுகோடியில் இருக்கும் கழிப்பறைக்குப் போய்த் திரும்புவதற்குள் கீழே லாரிக்காரன் ஹாரன் அடித்தே கூரையைப் பெயர்த்துவிடுவான். இருக்கையில் ரப்பர் விரிப்பு, அதன்மேல் கறுப்புத் துண்டு, அதன்மேல் நான். வலி முறுக்கினால் கொக்கியை நிறுத்திவிட்டு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவ்வளவு உயரத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்.

ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் நார்க்கட்டிகள், ஒரு கூட்டமே குடியிருக்கிறதாம். பெரியது ஆரஞ்சு அளவு. டாக்டர்கள் எந்தக் கட்டியையும் பழக்கடைக் கணக்கில்தான் சொல்கிறார்கள். பையின் சுவரும் தடித்துப்போயிருக்கிறது. மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தாகிவிட்டது. இனி கத்திதான்.

டாக்டரம்மா மூன்று வழி சொன்னார். கட்டிகளை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைக்கலாம். பிள்ளைக்கு வாய்ப்பு இருக்கும், ஆனால் தடிப்பு அப்படியே இருக்கும், கட்டியும் திரும்ப முளைக்கலாம். இல்லையென்றால் கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்துவிடலாம். வயிற்றைக் கிழிக்க வேண்டாம், ஆனால் அதற்கப்புறம் பிள்ளையை நம்பிக்கொண்டு இருக்காதே என்கிறார். மூன்றாவது, பையையே எடுத்துவிடுவது. சினைப்பைகள் இருக்கும், அதனால் ஒரே நாளில் கிழவியாகிவிட மாட்டேன். உதிரப்போக்கு அன்றோடு நிற்கும். "என் தங்கச்சியா இருந்தா மூணாவதைத்தான் சொல்வேன்" என்றார்.

உன் அண்ணனைக் கேட்டேன். "உன் உடம்பு, நீ சொல்றதுதான்" என்று சொல்லிவிட்டு மின்விசிறியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். விசிறி சுத்தமாகத்தான் இருந்தது.

உன்னைக் கேட்காமல் முடிவெடுக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. உன் மூன்றாவது கருவும் தங்காமல் போன அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். உன் புருஷன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் உன் உள்ளங்கையில் கையடித்து, "எனக்கு அடுத்தது பிறந்தா அது உனக்குத்தான், நீயே வளர்த்துக்கோ" என்றேன். அப்போதுதான் என் பக்கம் திரும்பினாய். அன்றிலிருந்து இந்த வீட்டில் இருக்கிற ஒற்றைப் பெண்ணை எல்லோரும் பெரியவள் என்றே கூப்பிடுகிறோம், ஏதோ சின்னவள் பக்கத்து அறையில் தூங்குகிற மாதிரி.

அடுத்தது வரவேயில்லை. ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான். நீயே சொல்லடி, நான் என்ன செய்யட்டும்?

உன்,
அண்ணி

*

மார்ச் 21

அன்புள்ள அண்ணிக்கு,

திட்டுங்கள், தகும். இங்கே பட்டறையில் மெழுகும் பிளாஸ்டருமாக நகக்கண்ணெல்லாம் வெள்ளை. போன வாரம் ஒரு பெரியவர், தன் பழைய பல்லில் இருந்த சந்து புது செட்டிலும் வேண்டும் என்று அடம் பிடித்தார். சந்து இல்லாமல் போனால் மனைவி யாரோ என்று நினைத்துக் கதவைத் திறக்க மாட்டாளாம். செய்துகொடுத்தேன். வாசல் வரை சீட்டியடித்துக்கொண்டே போனார்.

உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். கட்டிகளை மட்டும் எடுத்துவிடுங்கள் அண்ணி. உங்களுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. என் பக்கத்து மேசைக்காரியின் அக்கா இதே கட்டியை எடுத்துவிட்டு மறுவருஷமே பெற்றாள். டாக்டர்களுக்கு மொத்தமாக எடுத்துவிட்டால் வேலை சுலபம், அதனால் அதைத்தான் முதலில் சொல்வார்கள். திரும்ப முளைத்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். நடுவில் நமக்கு ஒரு வருஷம் கிடைத்தால் போதும்.

அந்தச் சின்ன அறையை வாடகைக்கு விடு என்று வீட்டுக்காரம்மா நச்சரிக்கிறார். நான் விடவில்லை. பழைய சாமான் கடையில் வாங்கிய தொட்டிலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். ராத்திரி வேலை முடிந்து வந்தால் அந்த அறையில் கொஞ்ச நேரம் உட்காருவேன். பைத்தியம் என்று சிரிக்காதீர்கள். நீங்கள் கையடித்துச் சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான், அவர் விட்டுப்போன பிறகும் இந்த ஊரில் தனியாக இருக்கிறேன்.

கட்டாயப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். முடிவு உங்களுடையதுதான்.

அன்புடன்,
பொடிசு

*

ஏப்ரல் 9

அன்புள்ள பொடிசுக்கு,

தொட்டில் சேதி படித்தேன். உன் பேச்சையே கேட்கிறேன். கட்டிகளை மட்டும் எடுக்கச் சொல்லித் தேதியும் வாங்கிவிட்டேன்.

போன வாரம் ஒன்று நடந்தது, உன் அண்ணனிடம் சொல்லவில்லை. இரும்புச் சுருளைத் தூக்கி லாரிக்கு மேலே கொண்டுபோகிறேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது. கை தானாகக் கைப்பிடியை விட்டுவிட்டது. சுருள் ஊஞ்சலாடுகிறது, கீழே சங்கிலி மாட்டுகிற ஆள் நிற்கிறான். அவன் குனிந்து ஓடியதால் பிழைத்தான். ஏணியில் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை, கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். "அக்கா, உங்க உதடு சுண்ணாம்பு மாதிரி இருக்கு" என்றான். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அழாமல் இருந்திருப்பேன். சூப்பர்வைசர் என்னை வாசலில் லாரி எண் குறிக்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டரம்மாவுக்குக் கோபம். "இந்த ரத்தத்தை வெச்சுக்கிட்டா கிரேன் ஓட்டினீங்க?" என்று கேட்டார். முதலில் ரத்தம் ஏற்ற வேண்டுமாம், பிறகுதான் கத்தி. இன்னொன்றும் சொன்னார். கட்டிகளை எடுக்கும்போது ரத்தம் நிற்காமல் போனால், உயிரைக் காப்பாற்றப் பையை எடுக்க வேண்டி வரும். அதற்குச் சம்மதம் என்று முன்கூட்டியே கையெழுத்துப் போடச் சொல்கிறார்.

பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன், போட வரவில்லை. "பொடிசைக் கேட்டுட்டு வர்றேன் டாக்டர்" என்றேன். "யாரும்மா அந்தப் பொடிசு? உங்க வயித்துக்கு அவங்க எதுக்குச் சம்மதம் சொல்லணும்?" என்றார். சொன்னால் புரியாது. தேதியைத் தள்ளிப்போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

சரி என்று ஒரு வரி எழுது, போதும். நீ சரி என்றால் நான் நிம்மதியாகப் படுத்துக்கொள்வேன். சீக்கிரம் எழுது.

உன்,
அண்ணி

*

ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணிக்கு,

உடனே எழுதுகிறேன். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கையெழுத்து இருந்தால் கொஞ்சம் ரத்தம் வந்ததுமே எடுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் எப்படியாவது பையைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்காது. என்னை மூன்று முறை மேசையில் போட்டவர்கள்தானே, அவர்கள் போக்கு எனக்குத் தெரியும். உள்ளே போகும்போது ஒன்று சொல்வார்கள், கண் விழித்தால் வேறொன்று நடந்திருக்கும்.

உங்களுக்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் தைரியசாலி. அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து இரும்பைத் தூக்குகிறவர் இதையா தாங்கமாட்டீர்கள்? இரும்புச் சத்து மாத்திரை அனுப்பியிருக்கிறேன், விடாமல் சாப்பிடுங்கள்.

எனக்கு இன்னொரு வாசல் இல்லை அண்ணி. தத்து கேட்டுப் போன இடத்தில், தனியாக இருப்பவளுக்குத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் இருக்கிறீர்கள் என்ற தெம்பில் அன்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். இப்போது நீங்களும் கைவிட்டால் நான் என்ன செய்வேன்?

போடாதீர்கள்.

பொடிசு

*

ஜூன் 12

பொடிசுக்கு,

உட்கார்ந்து எழுத இப்போதுதான் முடிகிறது.

உன் பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் ஒரு காலையில் குளியலறையில் விழுந்துவிட்டேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தேன். கதவுக்கு அடியில் தண்ணீர் சிவப்பாக வெளியே போயிருக்கிறது. பெரியவள்தான் முதலில் பார்த்தாள். கதவைத் தட்டிக்கொண்டே "அம்மா, பதில் சொல்லு" என்று அவள் கத்தியது எனக்குக் கேட்டது. வாய் எழவில்லை. உன் அண்ணன் திருப்புளியால் கதவைக் கழற்றினார். நல்லவேளை, கழற்றுவதில் கைதேர்ந்தவர்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றிப் படுக்கவைத்திருந்தார்கள். உன் கடிதத்தை உன் அண்ணன் அங்கே கொண்டுவந்து கொடுத்தார். "பொடிசு என்ன சொல்றா?" என்று கேட்டார். "உடம்பைப் பாத்துக்கச் சொல்றா" என்றேன். பொய்தான். அண்ணன் தங்கை நடுவில் நான் எதற்குக் கத்தி வைக்க வேண்டும்? அவர் விசிறி துடைக்கப் போகவில்லை, என் காலடியிலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் டாக்டரம்மா வந்தபோது அந்தக் காகிதம் வேண்டாம் என்றேன். மூன்றாவது வழிக்கான காகிதத்தைக் கொண்டுவரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. பையை எடுத்துவிட்டார்கள். சினைப்பைகள் பத்திரமாக இருக்கின்றன. கண் விழித்ததும் அழுகை வந்தது, உனக்காகவும் அழுதேன், மறைக்கவில்லை. பிறகு போர்வையைத் தூக்கிப் பார்த்தேன், விரிப்பு வெள்ளையாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

என் கிரேனை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். நாலைந்து மாதம் கழித்துத் தெம்பு வந்தால் பார்க்கலாம் என்கிறார்கள். பார்ப்போம்.

நான் கொடுத்த வாக்கைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். கொடுத்திருக்கவே கூடாது. அன்று நீ சுவரைப் பார்த்துக் கிடந்ததைத் தாங்க முடியாமல், கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக் கொடுத்தேன். கொடுக்க அது என் கையில் இருந்த பொருளா? அதற்காக என்னை எவ்வளவு வேண்டுமானாலும் பேசு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உன் இரண்டு கடிதங்களையும் ஆஸ்பத்திரியில் படுத்தபடி மறுபடி மறுபடி படித்தேன். பல் சந்து இருக்கிறது, தொட்டில் இருக்கிறது, மேசைக்காரியின் அக்கா இருக்கிறாள். "வலிக்கிறதா அண்ணி" என்று ஓர் இடத்திலும் இல்லை. எங்காவது இருக்கும் என்று கடிதத்தைத் திருப்பி, பின்பக்கம்கூடப் பார்த்தேன்.

இனி பெரியவளை யாரும் பெரியவள் என்று கூப்பிடக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அவள் ஒருத்திதான். அவளை மகளே என்று கூப்பிடுகிறோம். முதல் நாள் யாரையோ கூப்பிடுகிறோம் என்று திரும்பிப் பார்த்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

*

நவம்பர் 18

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே ஒரு கடிதம் எழுதினேன். கோபத்தில் எழுதியது, முழுக்க நியாயம் பேசியது. தபாலில் தொலைந்துபோயிருந்தால் நல்லது என்று இருக்கிறது. அடுத்து எழுதிய இரண்டிலும் மன்னிப்புக் கேட்டிருந்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

நேற்று அண்ணனுக்குப் போன் செய்தேன். ரொம்பத் தயங்கித்தான் சொன்னார். "லெட்டர் எல்லாம் வந்துடுச்சு பொடிசு. அவ ஒண்ணையும் பிரிக்கல. அலமாரியில துணிக்கு அடியில வெச்சிருக்கா. கேட்டா, வேண்டாம்னு தலையாட்டறா." பின்னால் உங்கள் குரல் கேட்டது, யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தீர்கள். போனை உங்களிடம் கொடுக்கச் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு நிற்கக் கூடாது என்று தோன்றியது.

நீங்கள் போன வாரம் திரும்ப கிரேன் ஏறிவிட்டீர்கள் என்றும் அண்ணன் சொன்னார்.

இங்கே அந்தச் சின்ன அறையில் பிளாஸ்டர் மூட்டைகளை அடுக்கியிருக்கிறேன். தொட்டிலை மாடி வீட்டுக்காரர்கள் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். அதில் ஒரு குழந்தை படுத்து அழுவது ராத்திரியில் எனக்குக் கேட்கிறது. முதல் சில நாள் காதைப் பொத்திக்கொண்டேன். இப்போது அழுகை நின்றால்தான் என்னவோ ஏதோ என்று இருக்கிறது.

இதையும் நீங்கள் பிரிக்கப்போவதில்லை. தெரிந்துதான் எழுதுகிறேன். என் கடிதத்தின் பின்பக்கம்வரை நீங்கள் தேடிய கேள்வியை இப்போது கேட்டால், சொல்லிக்கொடுத்துக் கேட்டதாகிவிடும். அது எனக்கும் தெரிகிறது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

அவ்வளவு உயர ஏணி. ஏறும்போது தையல் போட்ட இடம் இழுக்கிறதா அண்ணி? பாதியில் நின்று மூச்சு வாங்க இடம் இருக்கிறதா?

பொடிசு