உள்ளங்காலில் தொட்டது யார்

அன்பு மகள் பிருந்தாவுக்கு அம்மா எழுதுவது. புனேயில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமா? இங்கே ரெட்டியபட்டியில் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. போனில் பேசலாமென்றால் உன் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான் கடிதம்.

போன மாதம் திருச்சுழியில் சர்க்கரை முகாம் போட்டிருந்தார்கள். அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, நர்ஸம்மா ஒரு நைலான் இழையால் உள்ளங்காலில் தொட்டுத் தொட்டு ‘தெரியுதா’ என்று கேட்டது. கடையில் உப்பு தீர்ந்தாலும் ‘இல்லை’ என்ற சொல்லை வாயில் எடுக்காத வியாபாரி, அங்கே மட்டும் எடுப்பாரா? கேட்டபோதெல்லாம் ‘ஆமா’தான். நரம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், வழியெல்லாம் பஸ்ஸில் ஒரே பெருமை. எனக்கு மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் கண்ணை மூடச் சொல்லி, நான் ஒன்றும் கேட்க மாட்டேன், பட்டால் நீங்களே சொல்லுங்கள் என்று துடைப்பக் குச்சியால் தொட்டேன். சத்தமில்லை. அழுத்தினேன், அப்போதும் இல்லை. பயந்துபோய்க் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். அப்போது, ‘இந்தா, இப்பத் தொட்ட, பெருவிரல்ல’ என்றார். நான் தொடவில்லை என்றதும் கண்ணைத் திறக்காமலே சிரித்து, ‘அப்ப ஆத்தா தொட்டிருப்பா’ என்றார். 

போன பங்குனியில் ஆத்தா கோயில் பூக்குழி நெருப்பில் இவர் வரப்பில் நடப்பதுபோல நிதானமாக நடந்து வந்து, ‘சூடே தெரியல’ என்றாரே, ஊரே காலில் விழுந்ததே, நானும் விழுந்தேனே. இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தக் கால்களைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. அருப்புக்கோட்டை டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். அந்த இழை தொடுவது தெரிகிறதா என்று மட்டும்தான் பார்க்கும், சூடு தெரியுமா என்று அது சொல்லாது, ஒரே சோதனையை நம்பி இருந்துவிடக் கூடாது, கூட்டிக்கொண்டு வாருங்கள், வேறு விதமாகவும் பார்ப்போம் என்றார். இவரோ, ‘நாந்தான் பாஸாயிட்டேன்ல’ என்று கிளம்ப மறுக்கிறார். அடுத்த மாதம் மறுபடி பூக்குழிக்குக் காப்புக் கட்டிவிட்டால் பின்வாங்க முடியாது, தெரியுமல்லவா. அதற்குமுன் நீ அப்பாவிடம் பேச வேண்டும். மாப்பிள்ளைக்கும் சர்க்கரை இருக்கிறதே, அவர் சொல்வதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்காதே, அவர் உள்ளங்காலைத் தினமும் நீயே திருப்பிப் பார்.

நானே சொல்லலாம்தான். ஆனால் காலில் உணர்ச்சி போய்விட்டது என்று நான் சொன்னால், போன வருஷம் நெருப்பில் உங்களோடு யாரும் வரவில்லை என்றுதான் அவருக்குக் கேட்கும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லையடி.

ஆத்தா உங்களைக் காப்பாள் என்று எழுதப் போனேன், கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து இதை எழுதுகிறேன். காப்பாள். நன்றாக இருங்கள்.

உன் அம்மா,
கஸ்தூரி